அம்மாவுக்கு நான் காவல் இருந்த ஆடி மாதம்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் உடம்பில்தான் வந்து நிற்கிறது. ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்திக்குச் சர்க்கரை. போன வாரம் பூங்காவில் ஒருத்தி தன் தோல் அரிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். நீ மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று என்னைக் கேட்டீர்கள். திறந்திருந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் மருமகள் தினம் காலையில் ஒரு சின்னக் குப்பியிலிருந்து மூன்று சொட்டு எடுத்து முகத்தில் தட்டிக்கொள்கிறாள். வைட்டமின் சி-யாம். தோல் பளபளக்குமாம், சுருக்கம் விழாதாம். "உங்களுக்கும் ரெண்டு சொட்டு போட்டுவிடட்டுமா அத்தை?" என்று ஒருநாள் கேட்டாள். நல்ல பெண், ஆசையாகத்தான் கேட்டாள். நான் வள்ளென்று விழுந்தேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எந்தப் பாவத்துக்கு அவள் என்னிடம் திட்டு வாங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு ஒன்பது வயசு. ராயபுரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் எட்டு வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். எங்களுடையது கடைசி வீடு. ஒரு பக்கம் கடல் காற்று, ஒரு பக்கம் இஞ்சின் கரி. அம்மா காயப்போட்ட துணியைக் கையில் எடுத்தால் உப்புப் பிசுபிசுப்பும் கரித்தூளும் சேர்ந்து ஒட்டும்.

நைனாவுக்கு ஹார்பரில் வேலை. கப்பல்களுக்குச் சமையல் சாமான் சப்ளை செய்கிறவரிடம் கூடை சுமப்பவர். கப்பல் கிளம்புமுன் உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, கோழி எல்லாம் கூடை கூடையாய் மேலே ஏற வேண்டும். எது குறைந்தாலும் குறையலாம், எலுமிச்சம்பழக் கூடை மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் கப்பல்காரன் கத்துவானாம். "அது இன்னாத்துக்கு நைனா அத்தினி எலுமிச்சம்பயம்?" என்று கேட்பேன். "வெள்ளக்காரன் சரக்குல புழிஞ்சி குடிக்கிறதுக்குடி" என்பார். எங்கள் வரிசையில் எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். சாயந்திரம் நைனா வீட்டுக்குள் நுழையும்போது அவர் தலையில் கட்டியிருக்கும் சும்மாட்டுத் துணியிலிருந்து எலுமிச்சை வாசனை வீசும். கூடையின் அடியில் நசுங்கின பழத்தின் சாறு அந்தத் துணியில் ஊறிக் காய்ந்திருக்கும். அந்த வாசனைதான் எனக்கு நைனா.

அந்த வருஷம் மாசி மாதத்தில் கஞ்சி வடிக்கும்போது பானை நழுவி அம்மாவின் இடது காலில் கொட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று போயிற்று. சமைக்க ஆள் வேண்டும் என்று நைனாவின் அக்கா, மீஞ்சூர் அத்தை, துணி மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கினாள். பிள்ளை குட்டி இல்லாதவள், புருஷனும் போய்விட்டான். அத்தை நல்லவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் பத்து வரி போவதற்குள் அவளைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அத்தை வந்ததும் பத்தியம் வைத்தாள். புண் இருக்கும் உடம்புக்குப் புளிப்பு ஆகாது, சீழ் வைக்கும். நீங்கள் மட்டும் என்னவாம்? போன வருஷம் என் மகன் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபோது எலுமிச்சம்பழம் கொடுக்காதே என்று உங்களில் ஒருத்திதானே எனக்குப் போன் செய்து சொன்னாள். ஆக, புளி நின்றது. எலுமிச்சை, மாங்காய், தக்காளி, மோர் நின்றது. கத்திரிக்காய் அரிப்பு, மற்றக் காயெல்லாம் கரப்பான் என்கிற சிரங்கைக் கிளப்பும், கீரை குளிர்ச்சி, மீன் ஆகவே ஆகாது. மிச்சம் இருந்தது ரேஷன் அரிசிச் சோறு, மிளகுத் தண்ணி, வறுத்த உப்பு, சுட்ட அப்பளம்.

"நாப்பது நாளு வாயக் கட்டிக்கோ. அப்பால நீ துள்ளிகினு நடப்ப" என்றாள் அத்தை. அம்மா சிரித்துக்கொண்டே சரி என்றாள். அம்மாவுக்கு அப்போது நல்ல பல்வரிசை.

நாற்பது நாள் முடிந்தது, புண் பாதிதான் மூடியிருந்தது. கால் கையெல்லாம் தோல் சொரசொரப்பாகி, ஒவ்வொரு மயிர்க்கால் அடியிலும் கடுகு போலச் சிவப்பாய்ப் புள்ளி வந்தது. அத்தை விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "கரப்பான்" என்றாள். இன்னொரு நாற்பது நாள். புள்ளி பெரிதாயிற்று. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஊதா நிறத்தில் கன்றிப்போன தடம் வந்தது. குழாயடியில் அம்மா புடவையைத் தூக்கிச் செருகியபோது வரிசையில் ஒரு பொம்பளை அதைப் பார்த்துவிட்டாள். அன்று சாயந்திரம் நைனா வேலை முடிந்து வரும்போது வழியை மறித்துக்கொண்டாள்.

"யோவ், நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? காலு வெந்து கெடக்குற பொம்பளய இப்டியா போட்டு அடிப்ப?"

நைனா அம்மாவை ஒரு வார்த்தை கடிந்து சொல்லிக்கூட நான் கேட்டதில்லை. அவர் அப்படியே நின்றார். உள்ளே வந்து அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, "யாரு இன்னா பண்ணாங்க உன்ன?" என்று கேட்டார். "யாரும் ஒன்னியும் பண்ணல" என்று அம்மா அழுதாள். அழும்போது பல்லெல்லாம் ரத்தமாயிருந்தது.

அம்மாவின் வலது முன்கையில் ஒரு பழைய தழும்பு உண்டு. சின்ன வயசில் அரிவாள்மணை வெட்டியது. அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே தூங்குவது என் பழக்கம். வெள்ளையாய், மழமழவென்று இருக்கும். ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் கண் விழித்து வழக்கம்போல விரலை வைத்தேன், ஈரமாயிருந்தது. தழும்பு பிரிந்துகொண்டிருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஆறிய புண், ஒரு கத்தியும் படாமல் தானாக வாயைத் திறந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்தாள். அத்தை பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? பெருவியாதி, குஷ்டம் என்றார்கள். வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கை மூடியபடி சொன்னாள்: "த பாருப்பா, ஆடி முடியறதுக்குள்ள அவளுக்குச் சரியாவணும். ஆவலன்னா நானே கார்ப்பரேசன்ல சொல்லி வண்டியக் கொண்டாந்துடுவேன். எட்டு குடும்பம் கீது, கொயந்த குட்டிங்க கீது." அன்றையிலிருந்து அம்மா குழாயைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு பெஞ்சுக்குப் போனாள். வண்டி வந்தால் ஆளை ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே வைத்துவிடுவார்கள், திரும்பி வர மாட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த மாதம் தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த நாளில் அம்மாவைத் தொட்டது மூன்று பேர். நான், நைனா, அத்தை. வேப்பிலைத் தண்ணியில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்தது அத்தைதான். வெறும் கையால் துடைப்பாள். நாற்றம் வாசல்வரைக்கும் அடிக்கும், அத்தை முகத்தைச் சுளித்ததே இல்லை. புண் அதிகமாக அதிகமாக, பத்தியத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நினைத்தாள். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"த பாரு. உங்கம்மாவ வண்டில இட்டுகினு பூடுவானுங்க. பூட்டா அப்பால நீ கண்ணால பாக்க முடியாது. அவ நாக்கு புளிப்புக்கு அலையுது, நான் பாத்துகினேதான் கீறேன். நான் அடுப்பாண்ட கீறச்சொல்லோ நீதான் காவலு. எதுனா துன்னா எங்கைல வந்து சொல்லு. நீ ஒயுங்கா பாத்துகினா அம்மா பொயச்சிக்கும். புரிதா?"

எனக்குப் புரிந்தது. ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வேலையை யார் கொடுப்பார்கள்? அம்மாவைக் காப்பாற்றும் வேலை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்தேன்.

முதலில் அகப்பட்டது சும்மாட்டுத் துணி. ஒருநாள் நைனா குளிக்கப் போயிருந்தார். துணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்தபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தத் துணியின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அழுக்கும் வேர்வையும் பிடித்த துணி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு இருக்கிற முகம். என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று விட்டுவிட்டாள். உதட்டு ரத்தம் துணியில் ஒட்டியிருந்தது.

"சொல்லாதடி, கண்ணு" என்றாள்.

நான் சொன்னேன். நேராக அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அன்றையிலிருந்து நைனா துணியை வெளியிலேயே துவைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாயிற்று. நைனா தினமும் துவைத்தார். வாரத்துக்கு எத்தனையோ கூடை எலுமிச்சம்பழம் தலையில் சுமந்த மனுஷன், அதன் வாசனையைக்கூட வீட்டுக்குள் விடாமல் கசக்கிப் பிழிந்துவிட்டு வந்தார்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி கூறு கட்டி அரைநெல்லிக்காய் விற்பாள், மிளகாய்த்தூளும் உப்பும் தூவி. அன்றைக்கு ஒரு கூறு வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பாவாடையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பாயில் படுத்திருந்தாள். அப்போதெல்லாம் எழுந்து உட்காரவே மாட்டாள். ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கினாள். மோப்பம் பிடித்துவிட்டாள்.

"இன்னாடி வச்சிகினு கீற?"

"ஒன்னியும் இல்ல."

"அரைநெல்லி. எனக்குத் தெரிது." கையை நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு குடுடி. முழுங்க மாட்டேன். சப்பிட்டுத் துப்பிடறேன். சத்தியமா துப்பிடறேன்."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா கெஞ்சினாள். அம்மா, என்னிடம், கெஞ்சினாள். என் காலைத் தொடக் கை நீட்டினாள். நான் பின்னால் நகர்ந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்து இரண்டு காய் தரையில் உருண்டது. அம்மாவுக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் அவள் மேல் பாய்ந்தேன். தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டேன். "துப்பும்மா, துப்பு, வண்டி வந்துடும்" என்று கத்திக்கொண்டே தோண்டினேன். அம்மா கடிக்கவில்லை. என் விரலைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. நெல்லிக்காயை வெளியே இழுத்துவிட்டேன். அதோடு கூடவே ஒரு பல்லும் வந்தது.

முன்பல். என் உள்ளங்கையில் பச்சையாய் ஒரு காய், சிவப்பாய் ஒரு பல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எனக்கு ஒன்றும் எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுங்கள்.

அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நைனாவுக்குப் புத்தி வந்தது. அதுவரைக்கும் ஆஸ்பத்திரி என்றாலே அவருக்குப் பயம், பெருவியாதி என்று எழுதிவிட்டால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று. மறுநாள் காலையில் கைரிக்‌ஷாவில் போர்வையைத் திரை கட்டி அம்மாவை ஏற்றினார். அத்தையும் நானும் பின்னால் நடந்தோம். வரிசையில் மற்ற ஏழு கதவும் சாத்தியிருந்தன.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. நைனா அவர் காலில் விழாத குறையாக, "பெருவியாதி இல்லன்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்கம்மா, அது போதும்" என்றார். டாக்டரம்மா ஊசியால் தோலில் அங்கங்கே குத்திப் பார்த்தார். ஒவ்வொரு குத்துக்கும் அம்மா ஆ என்றாள். கோழி இறகால் தடவினார், அதுவும் தெரிந்தது. அப்புறம் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பெருவியாதி இல்ல. என்ன சாப்பிடறாங்க?"

அத்தை முன்னால் வந்தாள். ஐந்து மாதமாய் யாரும் அவளை ஒரு வார்த்தை நல்லதாய்ச் சொன்னதில்லை. இப்போதாவது ஒருத்தர் சொல்வார் என்று நினைத்தாளோ என்னவோ. "ஒரு பொட்டு புளிப்பு படாம பாத்துகினேம்மா. காயி இல்ல, கீர இல்ல, பயத்தக் கண்ணாலயே காட்டல. எந்தம்பி பொண்ணுதான் காவலு. நேத்துகூட வாயில போட்டத நோண்டி எடுத்துட்டா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் இப்படி ஆயிருக்கு. தோலை உள்ளேருந்து ஒட்ட வைக்கிறதே அந்தப் புளிப்புப் பழத்துல, பச்சைக் காயில இருக்கிற சத்துதான். வைட்டமின் சி. அது இல்லாமப் போனா புது புண் ஆறாது, ஆறின புண்ணும் திறந்துக்கும். ஈறு அழுகும். இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா ஆளே இருக்க மாட்டாங்க. மாசக்கணக்கா கப்பல்ல போறவங்களுக்கு வர்ற நோய் இது. இது வரக் கூடாதுன்னுதான் கப்பல்ல எலுமிச்சம்பழம் ஏத்துறாங்க."

"நாந்தாம்மா ஏத்துறேன்" என்றார் நைனா.

சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அத்தை தன் இரண்டு கையையும் விரித்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நானேவா? எங்கையாலயேவா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மருந்து வேலை செய்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊசியும் பழச்சாறும்தான். இரண்டே நாளில் ஈறு ரத்தம் நின்றது. பத்து நாளில் ஊதாத் தடம் மஞ்சளாகிக் கரைந்தது. ஒரு மாதத்தில் கால் புண்ணும் முன்கைத் தழும்பும் மூடிக்கொண்டன. தோல் பழையபடி மழமழவென்று ஆயிற்று, அதற்குள் விழுந்துவிட்ட நாலு பல்தான் போனது போனதுதான். வீட்டுக்கார அம்மா வந்து தொட்டுப் பார்த்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அவளை அப்போதே நாலு கேட்டிருக்க வேண்டும். யாருக்கும் தெம்பு இல்லை. அத்தை மீஞ்சூருக்குப் போய்விட்டாள். அம்மா எவ்வளவோ தடுத்தாள், நிற்கவில்லை.

நைனா அதற்கப்புறம் தினமும் நசுங்காத எலுமிச்சம்பழம் ஒன்று மடியில் கொண்டுவருவார். அம்மா அதைப் பிழிந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குடிப்பாள்.

அம்மா அப்புறம் நாற்பது வருஷத்துக்குமேல் இருந்தாள். என்னைக் கட்டிக்கொடுத்தாள், பிள்ளை பெற்றபோது பார்த்துக்கொண்டாள். நைனா போனபிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். என்மேல் கோபமா? சேச்சே. ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் என்னிடம் எதையும் கேட்க மாட்டாள். தண்ணி வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரைக் கேட்பாள், வெற்றிலை வேண்டுமென்றால் என் மகனைக் கேட்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் நிற்கிறேனே, என்னைக் கேட்டால் என்ன என்று ஒருநாள் சண்டைகூடப் போட்டேன். "உனக்கு எதுக்கும்மா தொந்தரவு" என்றாள். அவளுக்கே தெரியாமல் அப்படி ஆகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஆறு மாதம் அவளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. நைனாவைத் தேடுவாள், குழாயடிக்குப் போகணும் என்பாள். என்னை ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் மார்க்கெட்டில் அரைநெல்லிக்காயைப் பார்த்தேன். ஒரு கூறு வாங்கினேன். கழுவி, உப்புத் தொட்டு, அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தேன்.

அம்மா மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பொக்கை வாயில் போடப் போனவள் சட்டென்று நிறுத்தி, கையை மூடிக்கொண்டு முந்தானைக்குள் ஒளித்தாள். என்னைக் கிட்டே வா என்று தலையை ஆட்டினாள். குனிந்தேன்.

"யாராண்டயும் சொல்லாதம்மா" என்று என் காதில் சொன்னாள். "எம்பொண்ணு பாத்தா புடுங்கிடுவா."

"சொல்ல மாட்டேன். நீ துன்னு" என்றேன்.

அவள் வாசலையே பார்த்தாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம்தான் வாயில் போட்டுக்கொண்டாள்.